கூடாரத்துக்குப் புறப்படும் காரில் கேஸ் சிலிண்டர்

மெமோரியல் டே விடுமுறை நெருங்கினாலே அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில் கூடாரம் பரணிலிருந்து இறங்கிவிடும். இட்லி மாவு ஐஸ் பெட்டிக்குள் போகும். குக்கரும் காபி ஃபில்டரும் ஒரு பையில் ஏறும். எல்லாம் ஏற்றி முடிந்த பிறகுதான் யாருக்காவது கேஸ் நினைவுக்கு வரும். பின்கட்டில் பார்பெக்யூ அடுப்புக்குக் கீழே நிற்கும் வெள்ளைச் சிலிண்டரைக் கழற்றி, மினிவேனின் பின்னால் மிச்சமிருக்கும் இடத்தில், கம்பளிகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிடுவோம்.

அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நானும் சில வருடங்கள் அப்படித்தான் கொண்டு போனேன். வர்ஜீனியாவில் ஷெனாண்டோவா மலைப்பாதையின் ஒரு வளைவில் சிலிண்டர் உருண்டு வந்து என் மகளின் இருக்கைக் காலில் மோதி நின்றது. கசியவில்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஊரில் இந்தக் கவலை நமக்கு இருந்ததில்லை. சிலிண்டரைச் சுமந்து வந்து, எடை பார்த்து, வாஷர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து மாட்டிக் கொடுக்க ஒருவர் வாசலுக்கு வந்தார். இங்கே அந்த வேலை முழுக்க நம்முடையது. வாங்குவது, சோதிப்பது, வண்டியில் ஏற்றுவது எல்லாமே நாம்தான். அதனால் அந்த வேலை தெரிந்தவர் கவனிக்கும் விஷயங்களை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், உள்ளே இருப்பது என்ன? ப்ரோப்பேன். ஊரில் நாம் எரித்த சமையல் கேஸ் ப்ரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, பியூட்டேன் பங்கு அதிகம். இங்கே கிடைப்பது ஏறக்குறைய முழுக்கவே ப்ரோப்பேன். பியூட்டேன் உறைநிலைக் குளிரிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ப்ரோப்பேனோ மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகும். பனி பெய்யும் ஊர்களில் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான்.

அதனால் உங்களுக்கு என்ன வித்தியாசம்? அழுத்தம். ஒரே வெயிலில் ஊர் சிலிண்டரைவிட இந்தச் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். 38 டிகிரி வெப்பத்தில் உள்ளே சதுர அங்குலத்துக்குச் சுமார் 172 பவுண்டு அழுத்தம் இருக்கும். உங்கள் கார் டயரில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு.

இன்னொரு குணம், இது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் போலக் கீழே இறங்கித் தேங்கும். காரில் என்றால் கால் வைக்கும் இடத்திலும், உபரிச் சக்கரம் வைக்கும் குழியிலும். உங்கள் மூக்கு அதைவிட மூன்றடி உயரத்தில் இருக்கிறது. மணம் மூக்கை எட்டும்போது கீழே ஏற்கெனவே கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

எவ்வளவு சேர்ந்தால் ஆபத்து? காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு ப்ரோப்பேன் கலந்தாலே தீப்பொறிக்குப் பற்றும். ஒரு சாதாரண காரின் உட்புறம் ஏறத்தாழ மூன்று கன மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 120 கிராம் ப்ரோப்பேன் போதும், கார் முழுக்கப் பற்றும் கலவையாகிவிடும். 120 கிராம் திரவம் என்பது ஒரு டம்ளர். சிலிண்டருக்குள் இருப்பது 9 கிலோ. இந்த ஒரு டம்ளர் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

"சிலிண்டர் வெடித்துவிடுமோ?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. சரியாக நிரப்பிய, நல்ல நிலையில் உள்ள சிலிண்டர் வெயிலில் தானாக வெடிப்பதில்லை. அதன் இரும்பு அதைவிட அதிக அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. பயப்பட வேண்டியது வால்வு வழியாக வரும் கசிவைப் பார்த்துத்தான். உருண்டு அடிபட்ட வால்வு, சரியாக மூடாத கைப்பிடி, அதிகமாக நிரப்பிய சிலிண்டர் இவைதான் வழக்கமான காரணங்கள்.

அதிகமாக நிரப்பினால் என்ன? திரவ ப்ரோப்பேன் சூட்டில் தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும். அதற்காகவே சிலிண்டரின் கொள்ளளவில் 80 சதவீதம் மட்டும் நிரப்பி, மேலே ஐந்தில் ஒரு பங்கு ஆவிக்கு விடுகிறார்கள். அந்த இடம் இல்லாவிட்டால் விரியும் திரவம் சுவரை நேரடியாக நெருக்கும், அழுத்தம் கிடுகிடுவென ஏறும். அப்போது ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து கேஸை வெளியே விடும் பாதுகாப்பு அடைப்பான்) திறந்துகொள்ளும். வெட்டவெளியில் அது உயிரைக் காக்கும் ஏற்பாடு. மூடிய காருக்குள் அதே ஏற்பாடு கேஸைக் குடும்பத்தின் நடுவில் திறந்துவிடும்.

2002 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் இந்த அளவுச் சிலிண்டர்களில் மிகைநிரப்பல் தடுப்பி (80 சதவீதம் வந்ததும் மிதவை மூலம் தானே மூடிக்கொள்ளும் அமைப்பு) கட்டாயம். உங்களுடையதில் இருக்கிறதா என்று அறிய வால்வின் கைப்பிடியைப் பாருங்கள், முக்கோண வடிவில் இருக்கும். வட்டமாகவோ நட்சத்திரம் போலவோ இருந்தால் அது பழையது. அதைக் காரில் ஏற்றவே வேண்டாம்.

நிரப்பி வாங்கியதைச் சோதிக்கக் குளியலறைத் தராசு போதும். சிலிண்டரின் கழுத்து வளையத்தில் ஆங்கிலத்தில் "டி டபிள்யூ" என்று குத்தி, பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது காலிச் சிலிண்டரின் எடை, வழக்கமாக 17 பவுண்டு. 20 பவுண்டு சிலிண்டர் என்றால் நிரம்பிய பின் 37 பவுண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நிரப்பிய இடத்திலேயே காட்டி, குறைத்துத் தரச் சொல்லுங்கள். காலியைக் கொடுத்து வேறொன்று வாங்கும் கடைகளில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும். குறைவாக இருப்பது பயணத்துக்கு நல்லதுதான்.

அதே வளையத்தில் மாதமும் வருடமும் இருக்கும். அது செய்த தேதி. அமெரிக்காவில் அதிலிருந்து 12 ஆண்டுகள்வரை நிரப்பலாம், கனடாவில் 10. அதன்பின் மறுசோதனை செய்து புதுத் தேதி குத்த வேண்டும். புதுத் தேதிக்குப் பின்னால் "ஈ" எழுத்து இருந்தால் இன்னும் ஐந்தாண்டு செல்லும். தேதி தாண்டிய சிலிண்டரை யாராவது கேள்வி கேட்காமல் நிரப்பித் தந்தால் அந்த இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? பாத்திரம் கழுவும் சோப்பையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஸ்பாஞ்சால் வால்வைச் சுற்றித் தடவுங்கள். குமிழி வந்து பெரிதானால் கசிகிறது. தீக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தாலும் அதை விட்டுவிடுங்கள். இந்தச் சோதனையைப் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே வெளியில் வைத்துச் செய்தால், மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.

இப்போது ஏற்றுவோம். எப்படி வைப்பது?

நிமிர்த்தி. இதில் விலக்கே இல்லை. நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரில் ரிலீஃப் வால்வுக்குப் பக்கத்தில் இருப்பது ஆவி. படுக்கவைத்தால் அங்கே திரவம் வந்துவிடும். வால்வு கொஞ்சம் திறந்தாலும் வெளிவருவது திரவம். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் 270 லிட்டர் வாயு. "கால் மணி நேரம்தானே, கடைக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று படுக்கவைப்பதும் தவறுதான்.

நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர் முதல் பிரேக்கிலேயே சாயும். அடி வளையம் குறுகல், நிரம்பினால் 17 கிலோ கனம். இதற்கு நான் கண்ட எளிய வழி பால் பாக்கெட்டுகள் வரும் சதுரப் பிளாஸ்டிக் கூடை. 20 பவுண்டு சிலிண்டர் அதற்குள் கச்சிதமாக உட்காரும், அடி அகலமாகிவிடும். பிறகு கூடையையும் சிலிண்டரையும் சேர்த்துப் பட்டையால் வண்டித் தரையிலுள்ள கொக்கிகளில் இழுத்துக் கட்டுங்கள். கட்டிய பின் இரு கையாலும் பிடித்து உலுக்குங்கள். சிலிண்டர் தனியாக அசைந்தால் இன்னும் கட்ட வேண்டும். உலுக்கும்போது வண்டியே ஆட வேண்டும்.

அடுப்போடு சேர்ந்த குழாயையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். வால்வை வலப்பக்கமாகக் கடைசிவரை திருகி மூடி, வாயில் பிளாஸ்டிக் மூடியைச் செருகுங்கள். இப்போதைய வால்வுகளில் எதையாவது இணைத்தால் ஒழிய கேஸ் வராதபடி உள்ளே ஒரு ஸ்பிரிங் தடுப்பு இருக்கிறது. அது இரண்டாவது காவல்தான், கைப்பிடிதான் முதல் காவல். மூடி தொலைந்துபோனால் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

வண்டியில் எந்த இடம்? பிக்கப் டிரக் இருந்தால் கேள்வியே இல்லை, திறந்த பின்தளத்தில் நிமிர்த்திக் கட்டுங்கள். மினிவேன், எஸ்யூவி என்றால் பின்பக்கச் சாமான் தளம். குழந்தைகளின் இருக்கையை ஒட்டி வைக்காதீர்கள், வால்வின் வாய் ஆட்கள் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டாம். சாமான்களைக் கடைசியாக அடுக்கும்போது சிலிண்டர்மேல் கம்பளியும் கூடாரமும் ஏறிவிடாமல் பாருங்கள். கை எட்டவேண்டும், காற்று படவேண்டும்.

செடான் காரின் டிக்கி எனக்குப் பிடிக்காத இடம். மூடிய பெட்டி, காற்றோட்டம் கிடையாது, கசிந்தால் மூக்குக்கும் தெரியாது. வேறு வழியே இல்லாவிட்டால் கடையிலிருந்து வீடுவரையிலான சிறு தூரத்துக்கு மட்டும் போதும். மூன்று மணி நேரப் பயணத்துக்கு வேண்டாம்.

வண்டிக்கு வெளியே, பின் பம்பரில் ஒரு தட்டு மாட்டி அதில் வைக்கலாமே என்று சிலர் யோசிப்பார்கள். காற்றோட்டம் அருமை, உண்மைதான். ஆனால் பின்னால் வரும் வண்டி இடித்தால் முதலில் நசுங்குவது அந்த இடம். இழுத்துப் போகும் டிரெயிலர்களில் சிலிண்டரை முன்பக்கத்தில், காருக்கும் டிரெயிலருக்கும் நடுவில் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஜன்னல்? ஓடும்போது குறைந்தது இரண்டு ஜன்னல்களாவது இரண்டு விரல் அளவு திறந்திருக்கட்டும், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். காற்று உள்ளே வந்து வெளியே போக வழி வேண்டும். ஏசியை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வையுங்கள், உள்காற்றையே சுழற்றும் பொத்தான் அணைந்திருக்கட்டும். காரில் சிகரெட் கிடையாது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இத்தனையும் செய்துவிட்டு ஓர் இடத்தில் கோட்டை விடுவோம்: மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது. வெளியே 35 டிகிரி வெயில் என்றால் ஜன்னல் மூடிய காருக்குள் அரை மணியில் 50 டிகிரியைத் தாண்டும். சிலிண்டர்கள், சிறு குப்பிகள்மேல் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்காதீர்கள் என்று அச்சிட்டிருக்கும். ஓர் உணவகத்தில் சாவகாசமாகச் சாப்பிட்டால் அந்த எல்லை தாண்டிவிடும். சிலிண்டரோடு பயணம் என்றால் மர நிழலில் நிறுத்திக் கட்டுச்சோறு சாப்பிடுவது நல்லது. அல்லது ஒருவர் கதவைத் திறந்துவைத்து வண்டியோடு இருக்கட்டும். இரவு ஓட்டலில் தங்கிவிட்டுக் காலையில் போவதாக இருந்தால் சிலிண்டரை வாங்குவதையே காலைக்குத் தள்ளுங்கள்.

இதிலிருந்து வருவதுதான் நான் இந்தக் கட்டுரையில் வற்புறுத்தும் ஒரே விதி. சிலிண்டர் காரில் கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும். காருக்குள் அது இருக்கும் நேரத்தைக் குறைக்கும் எதுவும் நல்லது. முகாமுக்கு இருபது மைல் முன்னால் இருக்கும் கடைசி ஊரில் பெட்ரோல் பங்கிலோ வன்பொருள் கடையிலோ ப்ரோப்பேன் கிடைக்கும். காலிச் சிலிண்டரை அங்கே கொண்டுபோய் நிரப்பிய ஒன்றாக மாற்றிக்கொண்டால் ஐந்து மணி நேரப் பயணம் அரை மணியாகிவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய சிலிண்டர் உங்களுக்குத் தேவையா?

இரட்டை அடுப்பின் ஒரு பர்னர் முழு வேகத்தில் எரிந்தால் ஒரு பவுண்டு ப்ரோப்பேன் இரண்டு மணி நேரம் வரும். நான்கு பேர், இரண்டு இரவு, காலையில் காபியும் தோசையும், இரவில் குக்கரில் சாதமும் குழம்பும் என்றால் மூன்று பவுண்டில் சமாளிக்கலாம். 20 பவுண்டு என்பது மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து பெரிய பாத்திரத்தில் பிரியாணி போடும்போது வேண்டியது. ஒற்றைக் குடும்பத்துக்கு 5 பவுண்டு சிலிண்டர் இருக்கிறது. உயரம் ஓரடிக்குச் சற்று மேல், அதே வால்வு, அதே தடுப்பி, திரும்பத் திரும்ப நிரப்பலாம். எனக்கு இதுதான் பிடித்தது.

ஒரு பவுண்டு பச்சைக் குப்பிகள்? எங்கும் கிடைக்கும், சுலபம். அவற்றுக்கும் ஒரு டம்ளர் கணக்கு பொருந்தும் என்பதை மறக்காதீர்கள். ஒரு குப்பியில் இருப்பது ஒரு காருக்கு வேண்டியதைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அடுப்பிலிருந்து கழற்றிய பின் சில சமயம் உள்ளே உள்ள சிறு அடைப்பு முழுதாக மூடாமல் மெல்லக் கசியும். அதனால் பாதி தீர்ந்த குப்பியை வண்டியில் வைக்கும் முன் சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். பிறகு மூடியைப் போட்டு நிமிர்த்தி வையுங்கள்.

பெரிய சிலிண்டரிலிருந்து இந்தக் குப்பியை நிரப்பிக்கொள்ளும் கருவி விற்கிறார்களே, வாங்கலாமா? ஒரு முறை பயன்பாட்டுக்கான குப்பியில் மிகைநிரப்பல் தடுப்பி கிடையாது. எவ்வளவு போகிறது என்று கண்ணுக்கும் தெரியாது. அப்படி நிரப்பிய குப்பியை வண்டியில் கொண்டுபோவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். 5 லட்சம் டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்று குப்பியின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். திரும்ப நிரப்பவென்றே செய்த ஒரு பவுண்டு சிலிண்டர்கள் தனியாகக் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள். கலிஃபோர்னியாவில் 2028 ஜனவரி முதல் ஒரு முறைக் குப்பிகளை விற்கவே முடியாது, அதற்கான சட்டம் 2024-இல் நிறைவேறிவிட்டது.

ஆசியக் கடைகளில் விற்கும் மேசை அடுப்புக்கான பியூட்டேன் டப்பாக்களுக்கும் இதே வெயில் விதிதான். தகரம் மெல்லியது. முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போகாதீர்கள்.

எத்தனை சிலிண்டர் ஏற்றலாம்? என்எஃப்பிஏ 58 (பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட கேஸ் பாதுகாப்பு விதித்தொகுப்பு) மூடிய வண்டியில் மொத்தம் 90 பவுண்டு ப்ரோப்பேனை அனுமதிக்கிறது. 20 பவுண்டு சிலிண்டர் என்றால் நான்கு. அது உச்ச எல்லை. குடும்பம் உட்கார்ந்திருக்கும் வண்டியில் ஒன்றுக்கு மேல் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். நான்கு குடும்பம் போனால் ஒருவர் வண்டியில் மட்டும் சிலிண்டர் போகட்டும், அதில் ஆட்கள் குறைவாக இருக்கட்டும்.

பாதையைப் பற்றி ஒரு விஷயம். இது பலருக்குத் தெரியாது. நியூ ஜெர்சியிலிருந்து ஐ-95 சாலையில் வர்ஜீனியாவுக்குப் போகும்போது பால்டிமோரில் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கம் குறுக்கே வரும். அங்கேயும் பக்கத்திலுள்ள ஹார்பர் சுரங்கத்திலும் ஒரு கலத்தில் 10 பவுண்டுக்கு மேல் ப்ரோப்பேன் இருந்தால் நுழையக் கூடாது. உங்கள் பார்பெக்யூ சிலிண்டர் அந்த எல்லையைத் தாண்டியது.

முன்பெல்லாம் அப்படிப்பட்ட வண்டிகள் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போயின. 2024 மார்ச் 26 அதிகாலையில் சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்து விழுந்தது. அதனால் ஐ-695 வட்டச் சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்றுங்கள். வழிகாட்டும் செயலிக்கு உங்கள் வண்டியில் சிலிண்டர் இருப்பது தெரியாது, அது நேராகச் சுரங்கத்துக்குள்தான் அனுப்பும். நியூயார்க்கின் ஹாலண்ட், லிங்கன் சுரங்கங்களிலும் ப்ரோப்பேனுக்குத் தடை. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் விதி தனி. புறப்படும் முன் பாதையில் சுரங்கமோ படகுத்துறையோ வந்தால் அதை நடத்தும் அமைப்பின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

ஏன் இப்படி? சுரங்கத்தில் கசிந்தால் கேஸ் போக இடமில்லை, ஆட்கள் ஓடவும் இடமில்லை. உங்கள் கார் ஒரு சின்னச் சுரங்கம் என்று நினைத்துக்கொண்டால் மேலே சொன்ன எல்லாம் தானாகவே விளங்கும்.

விமானத்தில் போய்ச் சேர்ந்து வாடகைக் காரில் முகாமுக்குப் போகிறவர்கள், கேஸை இறங்கிய ஊரில் வாங்குங்கள். கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, விமானத்தில் அனுமதி கிடையாது. மீந்த குப்பியைத் திரும்பும் நாளில் பக்கத்துக் கூடாரத்துக்காரரிடம் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

ஓடும் வண்டியில் கேஸ் நாற்றம் வந்தால்? ப்ரோப்பேனுக்குச் சொந்த மணம் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்கு அடியில் மணமில்லாத இயற்கை எரிவாயு தேங்கி வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் கேஸில் மெர்கேப்டன் (அழுகிய முட்டைக்கோசு போல நாறும் கந்தகச் சேர்மம்) கலப்பது சட்டமாகத் தொடங்கியது. அந்த நாற்றம் உங்களுக்கு வந்தால் அதை மதியுங்கள். "குழந்தையின் டயப்பராக இருக்கும்" என்று அடுத்த எக்ஸிட்வரை போகாதீர்கள்.

பாதுகாப்பான முதல் இடத்தில் ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். மின்ஜன்னல், உள்விளக்கு எதையும் தட்டாதீர்கள், பொத்தானுக்குள் பொறி வரும். எல்லோரும் இறங்குங்கள், இறங்கிய கதவுகளைத் திறந்தபடியே விடுங்கள். குழந்தைகளைக் காற்று வரும் திசையில் தூரமாக, சாலையை விட்டு விலகி நிறுத்துங்கள். கைப்பிடி எட்டும் தூரத்தில் இருந்து, சீறும் சத்தமும் இல்லாவிட்டால் வலப்பக்கம் திருகி மூடிப் பாருங்கள். சீறல் கேட்டால் கிட்டே போகவே வேண்டாம். போனில் 911 அழைப்பது தூரத்தில் போன பிறகுதான், காருக்குள் இருந்து அல்ல.

மூக்கை மட்டும் நம்பவும் முடியாது. சளி பிடித்தவருக்கு மணம் தெரியாது. கொஞ்ச நேரம் முகர்ந்தால் மூக்குக்கே பழகிவிடும். வெகுநாள் காலியாகக் கிடந்து உள்ளே துருவேறிய சிலிண்டரில் மணம் மங்கிவிடுவதும் உண்டு. ஜன்னல் திறப்பதையும் சோப்புத் தண்ணீரையும் நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

"நாங்கள் இருபது வருடமாக இப்படித்தான் கொண்டு போகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு உடனே மதுரை நினைவுக்கு வரும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள் விதியை மீறி எடுத்துவந்த சிலிண்டரில் தேநீர் போட முயன்றபோது தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். வெளியூரில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்ற, நம் எல்லோருக்கும் உள்ள ஆசைதான் அவர்களுக்கும் இருந்தது. அவர்களும் வழியெல்லாம் ஒன்றும் ஆகாமல்தான் வந்திருந்தார்கள்.

அதனால் போய்ச் சேர்ந்தபின் மழை பிடித்துக்கொண்டாலும் அடுப்பைக் காருக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ பற்றவைக்காதீர்கள். தீ ஒரு பக்கம் இருக்க, மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை (நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு) விடும். இதற்கு மெர்கேப்டன் போன்ற காவலும் கிடையாது. தார்ப்பாயை நான்கு பக்கமும் திறந்தபடி உயரமாகக் கட்டி அதன் கீழே சமையுங்கள். இல்லாவிட்டால் அன்று ரொட்டியும் ஊறுகாயும் போதும்.

திரும்பும் நாளில் எல்லோரும் களைத்திருப்பார்கள், சிலிண்டர் காலிதானே என்று மறுபடி படுக்கவைக்கத் தோன்றும். அடுப்பு அணைந்துவிட்டது என்றால் உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது என்றுதான் பொருள். ஒரு டம்ளர் மிச்சம் இருக்கலாம். வந்தபோது செய்த அதே வேலை, அதே வரிசை: வால்வை மூடு, மூடியைச் செருகு, கூடையில் நிறுத்து, கட்டு, ஜன்னலைத் திற. வீட்டுக்கு வந்ததும் முதலில் இறக்கி வெளியில் நிழலில் வையுங்கள். கராஜிலும் கீழ்த்தளத்திலும் வேண்டாம். அங்கே வாட்டர் ஹீட்டரும் உலையும் இருக்கும், கேஸ் தேங்குவதும் அங்கேதான்.

தீர்ந்த பச்சைக் குப்பிகளை முகாமின் குப்பைத் தொட்டியில் எறிய வேண்டாம். யோசெமிட்டி போன்ற பூங்காக்களில் அவற்றுக்குத் தனித் தொட்டி வைத்திருக்கிறார்கள். அப்படி இல்லாத இடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் கவுன்ட்டியின் அபாயக் கழிவு சேகரிப்பு நாளில் கொடுங்கள். சாதாரணக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியின் இரும்புத் தட்டு அதை நசுக்கும்போது மிச்சக் கேஸ் பீறிடும், பக்கத்தில் நிற்பவர் அந்த வண்டியில் வேலை செய்பவர்.